மூன்றாம் பல்

நாலு மணிக்கு மழை.
பிராஸ் பசா சாலையில் ஒதுங்க
வெள்ளைத் தூண் வைத்த கட்டடம் கிடைத்தது.
"உள்ளே ஏர்கான்" என்றான் மொபாரக்.
அவனுக்கு வரலாறு அவ்வளவுதான்.
எனக்கும்.

பையைப் பெட்டகத்தில் வைக்கச் சொன்னார்கள்.
பையில் இரண்டு கிலோ வெங்காயம்,
பணம் அனுப்பிய ரசீது, இருமல் மருந்து.
சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
நீச்சல்குளத்துக்குப் போகிறவர்கள் மாதிரி
எழுநூறு ஆண்டுக்குள் இறங்கினோம்.

இருட்டு.
இருட்டுக்குள் ஒரு விளக்கு, விளக்கடியில் ஒரு கல்.
ஆற்று வாயில் நின்ற பெரும்பாறையாம்.
ஐம்பது வரி எழுத்து இருந்ததாம்.
வழியை அகலமாக்க வெடிவைத்தார்களாம்.
மிஞ்சியதில் இது ஒரு துண்டு.
இன்றுவரை எவரும் வாசிக்கவில்லை.

"பாவம், எழுதினவன்" என்றான் மொபாரக்.
நான் வெடிவைத்தவனை நினைத்தேன்.
துளை போட்டவனை,
திரியை நீட்டிவிட்டுக் கையை உயர்த்தி
எல்லாரையும் தள்ளிப்போகச் சொன்னவனை.
அவனுக்கும் ஒரு மேஸ்திரி இருந்திருப்பான்.
மத்தியானத்துக்குள் முடி என்றிருப்பான்.

எனக்குத் தெரியும். நான் தோண்டுகிறவன்.
இருபது டன் எக்ஸ்கவேட்டர், பக்கெட்டில் ஐந்து பல்.
பழைய பொருள் கண்டால் வேலையை நிறுத்து என்று
எங்கள் சைட்டில் நாலு மொழியில் பலகை இருக்கிறது.
நிறுத்தினால் எத்தனை நாள் நிற்கும்,
நிற்கிற நாளுக்குச் சம்பளம் யார் தருவார்
என்று ஒரு மொழியிலும் இல்லை.

அடுத்த அறையில்தான் அதைப் பார்த்தேன்.
கண்ணாடிக்குள், துணி விரித்து,
தனி விளக்குப் போட்டு:
காவி நிறம், குட்டைக் கழுத்து,
தோளில் கட்டைவிரல் அமுங்கிய குழி.
என் போத்தல்.
அதாவது அதன் கூடப்பிறந்தது.

"பீங்கான் போத்தல். கொடையாளர் அறியப்படவில்லை."
அவ்வளவுதான் எழுதியிருந்தது.
யார் எடுத்தது என்று காவலுக்கு நின்ற அம்மாவிடம் கேட்டேன்.
மலாயும் ஆங்கிலமும் கலந்து சிரித்தார்:
"நான் வந்ததே போன வருஷம், தம்பி.
இது எனக்கு முந்தியே டியூட்டியில் இருக்கு."
பிறகு, கண்ணாடியில் சாயாதே என்றார்.

என்னுடையது கிராஞ்சியில் இருக்கிறது,
ஆறாம் மாடி, பன்னிரண்டு பேர் அறை,
என் கட்டில் தலைமாட்டில்.
சட்டைக்குள் வைத்து லாரியேற்றினேன்.
நெஞ்சில் குளிர்ந்தது.
கொடுத்திருக்க வேண்டும்.
அதுவும் எனக்குத் தெரியும்.

திரும்பும் ரயிலில் மொபாரக் தூங்கினான்.
வெங்காயப் பையை மடியில் வைத்துக்கொண்டு
அந்தச் சின்ன அட்டையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்
மனசுக்குள்.
எவ்வளவு வெற்றிடம் அதில்.

ராத்திரி மாஸ்கிங் டேப் கிழித்து,
மார்க்கரில் எழுதினேன்:

கிடைத்த இடம்: மூன்றாம் நுழைவாயில் குழி, வடக்குச் சுவர் ஓரம்.
ஆழம்: இரண்டு மீட்டர் நாற்பது.
நாள்: செவ்வாய், மழை விட்டுப் பத்து நிமிஷம்.
முதலில் தொட்டது: பக்கெட்டின் மூன்றாம் பல்.
கீறல் அதனுடையது, பழசு அல்ல.
இரண்டாவது தொட்டது: மாசிலாமணி.
உடனிருந்தவர்: மொபாரக். பார்க்காத மாதிரி நின்றார்.
இப்போதைய பயன்: பல்துலக்கி நிறுத்த.

ஈரத்தில் டேப் ஒட்டவில்லை.
பிரஷ்ஷை எடுத்து, துண்டால் துடைத்து,
மறுபடி அழுத்தினேன்.

மேல்கட்டிலிலிருந்து மொபாரக் தலையைத் தொங்கவிட்டான்.
கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்,
கல்லைப் பார்த்த அதே முகத்தோடு.
"என்ன எழுதியிருக்கு?"

உன் பேரும் இருக்கிறது என்றேன்.
"எது?" என்றான்.
காட்டினேன்.
விரலை வைத்தான். மை இன்னும் காயவில்லை.